பென்சில் பேட்டரி போடுற ஜப்பான் டிக்‌ஷனரி

போன வாரம் பிரகாஷ் வீட்டுக்கு வந்தான். கம்பெனியில் நான் ஓட்டிய வண்டியை இப்போது ஓட்டுகிறவன் அவன்தான். திண்டிவனம் பக்கம் இருக்கும் அந்தக் கம்பெனிக்கு ஜப்பானில் இருந்து மறுபடியும் ஆட்கள் வருகிறார்களாம். அதில் ஒரு பெரியவரை விழுப்புரத்தில் இருந்து தினமும் ஏற்றிக்கொண்டு போகும் வேலை இவனுக்கு. முகத்தில் பெண் பார்க்கப் போகிறவனின் பளபளப்பு.

“அண்ணா, ஜப்பான் பாஷை கத்துக்கலாம்னு இருக்கேன். டிக்‌ஷனரி மிஷினு ஒண்ணு வாங்கணும். ரேட்டு கம்மியா, நல்லதா எது வாங்கலாம்? நம்ம டிரைவருங்கள்ல அத வாங்கின ஒரே ஆளு நீங்கதான்னு சொல்றாங்க.”

அடுப்படியில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. என் மனைவி அமுதா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் கைநழுவ விட்டது அது. ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவில் இருக்கும் வாசற்படியைக் கடைசி வரை தாண்டாத ஒருவனிடம் வந்து, எந்த அகராதி நல்ல அகராதி என்று கேட்கிறான். அவள் சிரிக்காமல் என்ன செய்வாள்?

பிரகாஷுக்கு ஒரு வரியில் பதில் சொன்னேன். “எழுதுற பலகை இருக்குதா பாரு, பென்சில் பேட்டரி போடுறதா பாரு. அவ்ளோதான்.” அவன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். போன பிறகுதான் அந்த ஒரு வரிக்குப் பின்னால் கிடப்பதெல்லாம் நெஞ்சைக் குடைய ஆரம்பித்தது. அதனால் இதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால், நான் சொல்கிறேன், பத்தாவது வரை படித்த அமுதா எழுதுகிறாள். எங்கேயாவது நான் அறிவாளியாகத் தெரிந்தால் அது அவள் கைவரிசை.

என் பெயர் மண்ணாங்கட்டி. விளையாட்டு இல்லை, ரேஷன் கார்டிலேயே அதுதான். எனக்கு முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போனதால், இதுவாவது யார் கண்ணிலும் படாமல் கிடக்கட்டும் என்று அம்மா வைத்தது. எங்கள் பக்கத்தில் என் வயசுக்காரர்களில் ஊருக்கு ஒரு மண்ணாங்கட்டி உண்டு. திண்டிவனம் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை ஏற்றும் லாரிக்குக் கிளீனராகப் போனேன். டிரைவர் தூங்கும்போது ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து நானும் டிரைவர் ஆனேன். அப்புறம் வாடகைக் கார். தலை நரைத்த பிறகு கம்பெனிக் கார். என் படிப்பும் பயிற்சியும் இவ்வளவுதான். இங்கிலீஷ் எழுத்து எல்லாம் தெரியும், நம்பர் பிளேட் பார்த்துக் கற்றது. நாலைந்து வார்த்தை தெரியும், ஹைவே போர்டு பார்த்துக் கற்றது. யாராவது என்னோடு இங்கிலீஷில் பேச வேண்டும் என்றால் ‘ஸ்பீடு பிரேக்கர் அஹெட்’ என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.

மொரிதா சார் கம்பெனியில் மிஷின் பிரிவுக்குப் பெரியவர். ஒல்லியான மனிதர். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. விழுப்புரத்தில் அவருக்கு வீடு பிடித்துக் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் காலை வாசலில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் ஏறவில்லை. வண்டியைச் சுற்றி நடந்தார். முன் டயருக்கு எதிரே நின்று, கையை முழுசாக நீட்டி, ஆள்காட்டி விரலால் டயரைக் காட்டி, தெருவுக்கே கேட்கும்படி “யோஷி” என்றார். அடுத்த டயர். “யோஷி.” கண்ணாடி, விளக்கு, நம்பர் பிளேட், கடைசியில் நான் உட்கார்ந்து போட்ட சீட் பெல்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல், ஒரு யோஷி. எதிர் வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு எழுந்து நின்றுவிட்டது. வண்டியில் ஏதோ காத்துக் கருப்பு ஏறியிருக்கிறது, ஜப்பான்காரர் தினமும் மந்திரித்து இறக்குகிறார் என்று அந்தத் தெருவில் ரொம்ப நாள் பேச்சு.

யோஷி என்றால், பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அவர்கள் ஊரில் ரயில் ஓட்டுகிறவர்கள் எல்லாம் அப்படித்தானாம். கண் மட்டும் பார்த்தால் மனசு வேறு எங்கேயாவது மேயப் போய்விடும். விரலை நீட்டி, வாயைத் திறந்து சொன்னால் மனசும் கூடவே நின்றாக வேண்டும். அடுத்த நாளில் இருந்து என்னையும் செய்யச் சொன்னார். எனக்கோ டயரை நோக்கி விரல் நீட்டும்போது ஸ்டேஷனில் திருடனை அடையாளம் காட்டுவது போலவே இருந்தது. சார் என் முழங்கையைப் பிடித்து நேராக்கினார். கை வளைந்திருந்தால் மனசும் வளைந்திருக்கும் போல. கொஞ்ச நாளில் பழகி, வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டும் யோஷி சொல்ல ஆரம்பித்தேன். ஒரு நாள் குழம்பை ருசி பார்த்துவிட்டு விரலை நீட்டினேன். அமுதா கரண்டியை நீட்டினாள்.

சாருக்கு என் முழுப் பெயர் வாயில் நுழையவில்லை. பாதியை வெட்டிப்போட்டு ‘மன்னா-சான்’ என்று கூப்பிட்டார். சான் என்பது மரியாதைக்குச் சேர்ப்பதாம். அம்மா மண்ணில் போட்டு வைத்த என்னை ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து மன்னனாக்கிவிட்டார். அவருக்கப்புறம் என்னை அப்படி யாரும் கூப்பிடவில்லை.

ஒரே குறை, பேச்சு. எனக்கு வாய் ஓய்ந்தால் வண்டி ஓடாது. மாட்டு வண்டிக்காரன் மாட்டோடு பேசுவது போல எதனோடாவது பேசிக்கொண்டே ஓட்டித்தான் பழக்கம். சாரோ பின் சீட்டில் நிறைகுடம் மாதிரி ஆடாமல் அசையாமல் வருவார். விழுப்புரத்தில் ஏறினால் திண்டிவனம் வரை அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜப்பான் தெரியாது, இங்கிலீஷ் ரெண்டு பேருக்கும் சரியாகத் தெரியாது. போனில் மொழிபெயர்க்கும் வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருந்தது, கேட் செக்யூரிட்டியின் டப்பாவில். கேமரா வைத்த எதுவும் கம்பெனிக்குள் போகக்கூடாது. வண்டியிலோ யாரும் போனை எடுக்கக்கூடாது என்பது சாரே போட்ட சட்டம், அவருடைய போனும் பையை விட்டு வெளியே வராது. கேமரா இல்லாத டிக்‌ஷனரி மிஷினுக்கு மட்டும் செக்யூரிட்டி ஒரு ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே விட்டார்கள். ஆபீசில் மொழிபெயர்க்கும் பெண் அப்படி ஒன்று வைத்திருந்தது. மூடி திறக்கும் பவுடர் டப்பா மாதிரி இருந்தது. என் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

புதுசு விசாரித்தேன். விலையைக் கேட்டு, கடைக்காரனிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நயினார் கடை இருக்கிறது. பழைய கால்குலேட்டர், ரேடியோ, கேமரா எல்லாம் வாங்கி விற்பவர். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்பதால் சாயங்காலமே பாதி ஷட்டரை இறக்கிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். பேரத்துக்கு அதுதான் நல்ல நேரம். வெயில் இறங்க இறங்க விலையும் இறங்கும்.

“ரெண்டு கீது மண்ணாங்கட்டி. ஒண்ணு கலரு, சார்ஜரு போடுறது. இன்னொண்ணு பழசு, செங்கல்லாட்டம் இருக்கும், பென்சில் பேட்டரி. கலரு வேணும்னா உங்க வூட்டு டிவிய வித்துட்டு வா. செங்கல்லு வேணும்னா இப்பவே எடுத்துக்கினு கிளம்பு.”

“செங்கல்லுல ஜப்பான் பாஷை இருக்குதா நயினாரே?”

“அதுல அது மட்டுந்தாம்பா இருக்குது. அதனாலதான் இத்தினி நாளா ஒருத்தனும் தொடல.”

அவர் சொன்னதை நான் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த முறையில் சோதித்தேன். பழைய லாரி எடுக்கும்போது எதைப் பார்ப்போமோ அதையே இதிலும் பார்த்தேன். மூடியைத் திறந்து மூடி, கீலில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன். பேட்டரிப் பெட்டியைத் திறந்து, பச்சை பூத்திருக்கிறதா என்று முகர்ந்தும் பார்த்தேன். ஒவ்வொரு பட்டனாக அழுத்தினேன், எதுவும் உள்ளே போய்விட்டு வராமல் இல்லை. கீழ்ப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண்ணாடிப் பலகை, அதில் எழுத ஒரு பிளாஸ்டிக் குச்சி. கடைசியாக ஹாரன். ஸ்பீக்கர் படம் போட்ட பட்டனை அழுத்தியதும் ஒரு பொம்பளைக் குரல் கணீரென்று ஏதோ சொன்னது. ஹாரன் நன்றாக இருந்தால் வண்டி நன்றாக இருக்கும். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அமுதா என் உள்ளங்கையில் பேனாவால் WATER என்று எழுதி அனுப்பினாள். விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் வண்டி நின்றதும் மிஷினைத் திறந்து, உள்ளங்கையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினேன். திரை முழுக்க ஜப்பான் எழுத்து எறும்புப் புற்று மாதிரி வந்து நின்றது. ஒன்றும் புரியவில்லை. போகட்டும், வாயால் சொல்லட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினேன்.

“வாட்டர்” என்றது மிஷின்.

மறுபடி அழுத்தினேன். மறுபடியும் “வாட்டர்.” நான் கேட்டதையே எனக்குத் திருப்பிச் சொல்ல அதற்கு அவ்வளவு விலையா?

பின் சீட்டில் இருந்து ஒரு சத்தம் வந்தது. என்னவோ ஏதோ என்று திரும்பினேன். சார் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கையை ஆட்டி, சின்னப் பிள்ளை உயரம் காட்டி, தன்னைக் காட்டி, “இங்கிலீஷ், இங்கிலீஷ்” என்றார். அப்புறம்தான் விளங்கியது. அது ஜப்பான் பிள்ளைகள் இங்கிலீஷ் படிப்பதற்காகச் செய்த மிஷின். பெயர், பட்டன், விளக்கம் எல்லாம் அவர்களுக்குத்தான். ஜப்பான் கற்றுக்கொள்ள நான் வாங்கிய மிஷினை வைத்து ஜப்பான்காரர்தான் இங்கிலீஷ் கற்றுக்கொள்ள முடியும்.

நயினாரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மூடினேன். சார் கையை நீட்டி வாங்கினார். குச்சியை உருவி, அந்தச் சின்னப் பலகையில் ஏதோ எழுதினார். ஸ்பீக்கரை அழுத்தி என் பக்கம் திருப்பினார்.

“குட்” என்றது மிஷின்.

நான் எழுத்தைக் குத்தினால் அவருக்குப் படிக்க வரும். அவர் எழுதினால் எனக்குக் காதில் வரும். தனியாக உட்கார்ந்து படிக்கிறவனுக்கு அந்த மிஷின் தண்டம். ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மட்டும் அது வேலை செய்யும். இதை எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

ஓடும் வண்டியில் மிஷினைத் தொடக்கூடாது என்று சார் அதற்கும் ஒரு சட்டம் போட்டார். அதனால் வண்டி நிற்கும் இடத்தில்தான் எங்கள் பேச்சு. ஊர் உலகமே டோல்கேட் வரிசையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தபோது, வரிசை நீளமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான். காலையில் அமுதா உள்ளங்கையில் எழுதிவிடுவாள். MANGO, RAIN, SON-IN-LAW, அன்றைக்கு எது தேவையோ அது. சார் என் கையை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். டயர் யோஷி, கண்ணாடி யோஷி, மன்னா-சான் உள்ளங்கை யோஷி.

ஒரு நாள் அவர் எழுதியதற்கு மிஷின் “சவர்” என்றது, அப்புறம் “ஒய்ஃப்” என்றது. இதற்குள் என் காதிலும் கொஞ்சம் இங்கிலீஷ் ஏறியிருந்தது: புளிப்பு, பெண்டாட்டி. எனக்குப் பதறிவிட்டது. குடும்பத்தில் ஏதோ கசப்பு என்று நினைத்தேன். அவர் வாயைச் சப்புக் கொட்டிக் கண்ணைச் சுருக்கிக் காட்டிய பிறகுதான், அவர் மனைவி போடும் ஊறுகாய் என்று புரிந்தது. மறுநாள் அமுதா உப்பு நார்த்தங்காய் கொஞ்சம் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். டோல்கேட்டில் சார் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். வரிசை நகர்ந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், நான் நகர்த்தவில்லை. கண்ணைத் திறந்து மனைவி பெயரைச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, சும்மா சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாவின் பெயரை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அப்புறம் ஒரு புயல் மழை. எங்கள் பக்கம் மழை வந்தால் ஏரியெல்லாம் ஒன்றை ஒன்று பார்க்கப் புறப்பட்டுவிடும். விடியும்போது கம்பெனியில் இருந்து போன் வந்தது. சாரின் மனைவிக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் மோசமாக இருக்கிறார், சாயங்கால விமானத்தில் டிக்கெட் போட்டாயிற்று, எப்படியாவது சென்னை விமான நிலையத்தில் விட்டுவிடு என்றார்கள். பாதை மாறினால் கேட்டுவிட்டு மாறு என்று வழக்கம்போலச் சொன்னார்கள். அதோடு டவர் செத்தது. கிளம்பும்போது அமுதா என் கையில் DON'T WORRY என்று எழுதினாள். எழுதியதை அவளே ரெண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

சார் வாசலில் பையோடு நின்றிருந்தார். மழையில் நனைந்துகொண்டே டயரைக் காட்டினார், கண்ணாடியைக் காட்டினார். ஒன்றைக்கூட விடவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. யோவ், ஏறுய்யா என்று வாய்வரை வந்தது.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கொஞ்ச தூரத்தில் வண்டியெல்லாம் நின்றிருந்தது. இறங்கி ஓடிப் போய்ப் பார்த்தேன். ஹைவே இருந்த இடத்தில் காவித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் லத்தியை ஆட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

“மெட்ராஸ் போவணும் சார், அவசரம்.”

“எனக்குந்தான்யா செய்யாறு போவணும், எம் பொண்ணுக்கு இன்னிக்கு நிச்சயம். திருப்பு, திருப்பு.”

ஒரு வழி இருந்தது. விழுப்புரத்துக்கே திரும்பி, அனந்தபுரம் வழியாக மேட்டுப் பக்கம் ஏறி, செஞ்சி போய், அங்கிருந்து திண்டிவனத்தைப் பிடிப்பது. மல்லாட்டை மூட்டை ஏற்றிய காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய ரோடு. மேட்டில் தண்ணீர் நிற்காது. வண்டியைத் திருப்பினேன்.

பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. அது சாரின் குரல் என்று எனக்குத் தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

“நோ. நோ, மன்னா-சான். கோ. கோ.”

சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறேன், இனி போக முடியாது என்று முடிவு பண்ணிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். கதவுக் கைப்பிடியைப் பிடித்தார். இறங்கி நடந்தே போகிற நிலையில் இருந்தார். வண்டியை ஓரம் கட்டினேன். கம்பெனியைக் கேட்க டவர் இல்லை. அவரைத்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு உள்ளங்கையைப் பார்த்தேன். மழையில் எல்லாம் கரைந்து நீலமாக வழிந்துகொண்டிருந்தது. நானாக ஒரு வார்த்தையும் எழுத்துக் கூட்ட வரவில்லை. நம்பர் பிளேட்டில் ‘வேறு வழியில் போகலாம்’ என்று யாரும் எழுதுவதில்லை.

மிஷினை எடுத்து அவர் பக்கம் வைத்தேன். குச்சியை நான் எடுத்தேன். அதுவரை அந்தக் குச்சியை அவர்தான் தொடுவார். எழுதத் தெரியாதவன் என்ன செய்வான், படம் போட்டேன். ரோடு ஒரு கோடு, அதன் குறுக்கே தண்ணீர் ஒரு கோடு.

மிஷின் என் படத்தை எழுத்து என்று நம்பி யோசித்தது. “டென்” என்றது.

பத்து. சார் முகம் இன்னும் வெளுத்தது. பத்து மணி நேரமா, பத்து நாளா என்று நினைத்திருப்பார். அவசரமாக அதை அழித்தேன். தண்ணீரை மட்டும் போட்டேன், மேலிருந்து கீழே ஓடுகிற மாதிரி மூன்று கோடு.

“ரிவர்” என்றது.

சார் நிமிர்ந்து முன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நான் சென்னைப் பக்கம் கையைக் காட்டி, “ரிவர்” என்றேன். வாழ்க்கையில் நான் முதலில் எழுதிய ஜப்பான் எழுத்து அது. ஆற்றை அவர்கள் அப்படித்தான் எழுதுவார்களாம், எனக்கு எங்கே தெரியும்?

அடுத்தது செஞ்சி. செஞ்சி என்றால் மூன்று மலை. வளைவு வளைவாகப் போட்டேன். மிஷின் திணறியது, ஒன்றும் சொல்லவில்லை. தரை ஒரு கோடு போட்டு, அதன் மேல் மூன்று முளை நட்டேன், நடுவில் இருப்பது உயரம்.

“மவுண்டன்.”

மேற்கே கையைக் காட்டினேன். “மவுண்டன்.” அப்புறம் கையைப் பெரிய வட்டமாகச் சுற்றிக் கொண்டுவந்து, “திண்டிவனம். சென்னை. ஏர்போர்ட்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். கைப்பிடியை விட்டார். கையை முழுசாக நீட்டி மேற்குப் பக்கம் விரலைக் காட்டினார்.

“யோஷி.”

அனந்தபுரம் பக்கம் மரம் விழுந்து கிடந்தது, ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளமான இடத்திலெல்லாம் ரோட்டின் மேல் தண்ணீர். ஒவ்வொரு இடத்திலும் சார் பேண்டை மடித்துக்கொண்டு இறங்கினார். குடையை ஊன்றி ஊன்றி முன்னால் நடந்து, அக்கரையில் திரும்பி நின்று, விரலை நீட்டி யோஷி சொன்ன பிறகுதான் நான் கியர் போடுவேன். மழை இரைச்சலில் சத்தம் கேட்காது. வாய் அசைவதைப் பார்த்து ஓட்டுவேன்.

ஒரு இடத்தில் அவர் யோஷி சொல்லவில்லை. தண்ணீர் அவ்வளவு ஆழமாகத் தெரியவில்லை. பாதியில் நின்று குடையைக் குத்திக் குத்திப் பார்த்தார். கையைத் தூக்கினார், இறக்கினார். நான் ரேஸ் கொடுத்துக்கொண்டு காத்திருந்தேன். சொல்லுய்யா, சொன்னா போய்டலாம்யா என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தேன். அந்த மனுஷனுக்கு அங்கே பெண்டாட்டி கிடக்கிறாள், அவரைவிட அவசரம் யாருக்கு? ஆனாலும் பொய்யாக ஒரு யோஷி சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்து வந்தார். அந்த நேரம் எதிரே வந்த டிராக்டர்காரர் அக்கரையிலேயே நிறுத்திக் கத்தினார், “வராதீங்க, கல்வெட்டுப் பாலம் பாதி பேத்துக்கினு போய்டுச்சு, ஏரிக்கரை மேல சுத்தி வாங்க.” வண்டியைப் பின்னால் எடுத்தேன். அதற்கப்புறம் அவரை மனசுக்குள்கூட ஒருமையில் பேசியதில்லை.

செஞ்சியைத் தாண்டினோம். மழைக்குள் மலை மூன்றும் மங்கலாகத் தெரிந்தது. சார் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். “மவுண்டன்” என்றார். நானும் “மவுண்டன்” என்றேன். திண்டிவனத்தில் ஹைவே ஏறியதும் ரோடு கறுப்பாக நீண்டு கிடந்தது.

விமான நிலையத்தில் இறக்கிவிடும் இடத்தில் ஒரு செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டே இருந்தார், நகரு நகரு என்று. சார் பையை எடுத்தார். நேரம் இருந்தது, ஆனால் நிறைய இல்லை. நான் அவரிடம் சொல்ல ஒன்று வைத்திருந்தேன், சீக்கிரம் வாங்க, நார்த்தங்காய் போட்டு வைக்கிறோம் என்று. அதற்கு எழுத்து இல்லை. அவர்தான் மிஷினைக் கேட்டார். பானெட் மேல் வைத்து, குச்சியை எடுத்து ஏதோ ஒன்று எழுதினார். ஒரே ஒரு எழுத்து. நான் எதிர்ப் பக்கத்தில் நின்றதால் தலைகீழாகத் தெரிந்தது. ஸ்பீக்கரை அழுத்தினார்.

மிஷின் ஒன்றும் சொல்லவில்லை. திரை மங்கி, மங்கி, அணைந்தது.

டயரைக் காட்டினோம், கண்ணாடியைக் காட்டினோம், நம்பர் பிளேட்டைக் காட்டினோம். தினம் தினம் ரெண்டு பேருமாகச் சேர்ந்து உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் விரல் நீட்டிப் பார்த்தோம். பேட்டரியை ஒருத்தரும் காட்டவில்லை.

விசில்காரர் பானெட்டைத் தட்டினார். சார் சிரித்தார், டோல்கேட்டில் சிரித்த மாதிரி. மிஷினை மூடி என் கையில் வைத்தார். ஓரடி பின்னால் போய், கையை முழுசாக நீட்டி, விரலால் என் நெஞ்சைக் காட்டினார்.

“மன்னா-சான், யோஷி.”

போய்விட்டார்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். சார் போய்ச் சேர்ந்தபோது கண் திறந்து பார்த்தாராம், ஆபீசில் சொன்னார்கள். இனி அவரை விட்டுத் தூரமாக வேலைக்குப் போகமாட்டேன் என்று சார் அங்கேயே இருந்துவிட்டார். நான் நன்றாக ஓட்டியதால்தான் அவர் திரும்பி வரவில்லை என்று அமுதாவிடம் சொல்லிக்கொள்வேன். அதில் பாதி பெருமை. மீதிப் பாதி என்ன என்று அவளுக்குத் தெரியும், எழுதமாட்டேன் என்கிறாள்.

அடுத்து வந்த மேனேஜர் நன்றாக இங்கிலீஷ் பேசுவார், போன் வைத்திருந்தார், டயரைப் பார்க்கமாட்டார். அவர் மூலமாக ஒரு கேள்வி கேட்டு அனுப்பினேன். அன்றைக்கு பானெட் மேல் என்ன எழுதினீங்க என்று. அது என் தமிழில் இருந்து ஆபீஸ் இங்கிலீஷ் ஆகி, அங்கிருந்து ஜப்பான் ஆகிப் போனது. போகிற வழியில் என்ன ஆயிற்றோ, ‘மண்ணாங்கட்டி உங்கள் நலம் விசாரித்தார்’ என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. ‘நலம், மிக்க நன்றி’ என்று பதில் வந்தது. இன்னொரு முறை கேட்க வெட்கமாக இருந்தது. அப்புறம் நான் ரிட்டயர் ஆகிவிட்டேன்.

பிரகாஷ், உனக்குச் சொல்ல வேண்டியது மிச்சம் இதுதான். கலரு பார்த்து மயங்காதே. நீ தனியாக ரூமில் உட்கார்ந்து படிக்கப் போகிறாய் என்றால் உன் இஷ்டம், எதையாவது வாங்கு. ஒரு ஆளோடு பேசத்தான் என்றால், அந்த ஆளுக்குப் படிக்க வருவதா என்று பார். எழுதுகிற பலகை கட்டாயம் இருக்கணும், எழுத்துத் தெரியாதவனுக்கும் கோடு போடத் தெரியும். பென்சில் பேட்டரி போடுவதாக இருக்கட்டும், புயலில் கரண்டு போனாலும் பெட்டிக் கடையில் கிடைக்கும். நயினாரிடம் பொழுது சாய்வதற்கு முன்னால் போ. என்னுடையதைக் கேட்காதே, தரமாட்டேன்.

ஏனென்றால் எனக்கு அதில் இன்னும் வேலை இருக்கிறது. காலையில் டீ குடித்துவிட்டு அதைத் திறக்கிறேன். பானெட் மேல் தலைகீழாகப் பார்த்ததை ஞாபகத்தில் இருந்து திருப்பிப் போட்டு எழுதுகிறேன். குறுக்கே ஒரு கோடு இருந்தது. கீழே ரெண்டு கால் அகட்டி நின்றது. மேலே இன்னொரு கோடு இருந்ததா, இல்லையா, அதுதான் தெரியவில்லை. ஒரு நாள் எழுதியதற்கு அந்தப் பொம்பளை “பிக்” என்றது, பெரிசு. ஒரு கோடு கூட்டினேன், “ஸ்கை” என்றது. இன்னொரு நாள் “ஃபயர்.” போன செவ்வாய்க்கிழமை “ஹஸ்பெண்ட்” என்றது, அமுதா பேனாவைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். “ஏங்க, அத நான் இன்னும் ஒத்துக்கலீங்களே.”

ஒவ்வொன்றாகச் சாருக்குப் பொருத்திப் பார்க்கிறேன். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பொருந்துகிறது, ஒன்றும் முழுசாகப் பொருந்தவில்லை. நாளைக்கு மேல் கோட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்கணும்.

ஆனால் எழுதுவதற்கு முன்னால், மிஷினைத் திருப்பி, பேட்டரிப் பெட்டி மூடியைக் கழற்றி, கையை முழுசாக நீட்டி, விரலைக் காட்டிச் சத்தமாகச் சொல்கிறேன். யோஷி.